அலுவலகத்துக்கு எந்த ஓ.எஸ்.? முதலில் கணக்குப் பிரிவைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, சிறு நிறுவனங்கள் எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறிவிடலாம், அது இலவசம், வைரஸ் வராது, பழைய கணினியிலும் ஓடும் என்ற தொனியில் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்குப் பதிலாக ஒரு வாசகர் விண்டோஸை விட்டால் தொழிலே நடக்காது என்று எழுதினார், இன்னொருவர் மேக் வாங்கிவிட்டால் தலைவலியே இல்லை என்றார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் மூன்று பேருமே கேள்வியைத் தவறான முனையில் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. மூன்று ரகமும் தினமும் கையில் புழங்குகின்றன, எதன் மீதும் தனிப் பாசம் கிடையாது. சரி, சர்வர் என்று வந்தால் கொஞ்சம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நிறுவனம் தன் இயங்குதளத்தை, அதாவது ஓ.எஸ்.ஸை, தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அதைத் தேர்ந்தெடுப்பது அந்த நிறுவனத்தில் இருக்கும் ஏதோ ஒரு மென்பொருள். அது இல்லாவிட்டால் அன்றைக்குக் கடையை மூட வேண்டியதுதான் என்று ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும். பெரும்பாலும் அது கணக்குப் பிரிவில் இருக்கும், சில இடங்களில் சரக்கு அனுப்பும் பிரிவில், சில இடங்களில் வரைபடம் போடுகிறவரிடம். அதைத் தயாரித்தவர்கள் எந்த ஓ.எஸ்.ஸில் ஓடும் என்று சொல்கிறார்களோ அதுதான் உங்கள் ஓ.எஸ்., குறைந்தபட்சம் அந்த மேசைக்காவது. இதைக் கண்டுபிடிக்காமல் லினக்ஸா விண்டோஸா என்று கூட்டம் போட்டுப் பேசுவதில் ஒரு பயனும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் பெரும்பாலும் மெயிலும் பிரவுசரும் மட்டும் பயன்படுத்துகிறவர், அவருக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான். லேபிள் அடிக்கிற பிரின்டர், மின்கையொப்பத்துக்கான யூ.எஸ்.பி. டோக்கன், லைசென்ஸுக்காகப் பின்பக்கம் செருகி வைத்திருக்கும் டாங்கிள், வருகைப் பதிவு எந்திரத்தோடு ஒரு குறுந்தட்டில் வந்த புரோகிராம், இருபுறமும் ஒரே இழுப்பில் ஸ்கேன் செய்யும் ஸ்கேனர் இதெல்லாம் அவர் நினைவுக்கு வராது. மாற்றம் சிக்கிக்கொள்வது எப்போதும் இந்த ஓரங்களில்தான். சாதாரண அலுவலக பிரின்டர்கள் இப்போது லினக்ஸிலும் மேக்கிலும் டிரைவர் (கருவியை இயக்கும் தனி மென்பொருள்) இல்லாமலே வேலை செய்கின்றன, வைஃபை, திரை, கேமரா எல்லாம் பெரும்பாலும் தானாகவே எழுந்துவிடும். ஆனால் அந்த டோக்கனுக்கும் டாங்கிளுக்கும் தயாரிப்பாளர் டிரைவர் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. லினக்ஸ் எவ்வளவு உயர்ந்தது என்ற விவாதம் அங்கே எடுபடாது.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் வார இறுதியில் எல்லாக் கணினிகளையும் லினக்ஸுக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை காலையில் வழக்கமான இன்வாய்ஸை அச்சடித்தால், ஒரு பக்கத்தில் அடங்கிக்கொண்டிருந்தது இரண்டு பக்கமாக வருகிறது. இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துக்கான கோடு மட்டும் தனியாக நிற்கிறது. காரணம் மிகச் சாதாரணமானது. அந்த இன்வாய்ஸ் கலிப்ரி எழுத்துருவில் போடப்பட்டது, கலிப்ரி மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தம், லினக்ஸில் வராது. இல்லாத எழுத்துருவுக்குப் பதில், லினக்ஸில் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் இடத்தில் இருக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறது, அதன் எழுத்துகள் மயிரிழை அகலம் கூடினாலும் பத்தாவது வரியில் ஒரு சொல் கீழே இறங்கிவிடும், அப்புறம் எல்லாமே இறங்கும். இதற்கென்றே கலிப்ரிக்குச் சமமான அகலத்தில் கார்லிட்டோ என்று ஓர் இலவச எழுத்துரு இருக்கிறது, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் லிபரேஷன் வரிசை. நிறுவினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் மதியம் ஆகிவிட்டது, லினக்ஸ் சரிப்படாது என்ற முடிவுக்கு அலுவலகமே வந்துவிட்டது. அந்தப் பெயரை அதற்குப் பிறகு யாராலும் துடைக்க முடியவில்லை.

எழுத்துருவாவது ஐந்து நிமிடம். எக்செல் வேலையைத் தானாகச் செய்ய எழுதிவைக்கும் மேக்ரோ அப்படி இல்லை. வருடக்கணக்காக யாரோ ஒருவர் எழுதி, அவர் வேலையை விட்டுப் போன பிறகும் எல்லோரும் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் அந்த ஃபைலில் விபிஏ என்ற மைக்ரோசாஃப்ட் மொழியில் எழுதிய நிரல் இருக்கும். லிப்ரே ஆஃபிஸ் அதில் ஒரு பகுதியை ஓட்டும், மீதியை ஓட்டாது. சரி, மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸையே பிரவுசரில் திறந்துகொள்ளலாமே என்றால், வலைப் பதிப்பு எக்செல் அந்த ஃபைலைத் திறக்கும், விபிஏ மேக்ரோவை மட்டும் ஓட்டாது. மேக்கில் எக்செல் நேராகவே இருக்கிறது, பெரும்பாலான மேக்ரோக்கள் ஓடும், விண்டோஸின் உள்பாகங்களைக் கூப்பிடும் மேக்ரோ மட்டும் நின்றுவிடும். அங்கே வேறொரு பழைய பொறியும் உண்டு. மேக் எக்செல் நீண்ட காலம் தேதியை 1904-இலிருந்து எண்ணியது, விண்டோஸ் எக்செல் 1900-இலிருந்து. அந்தக் காலத்து மேக் ஃபைல் ஒன்றிலிருந்து தேதிகளைப் பிரதி எடுத்து இன்றைய ஃபைலில் ஒட்டினால் எல்லாத் தேதியும் 1,462 நாள் தள்ளிப் போகலாம், அதாவது நான்கு வருடமும் ஒரு நாளும். பாக்கி வசூல் பட்டியலில் இப்படி ஆனால் என்ன நடக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இதனால் லினக்ஸ் வேண்டாம் என்கிறேனா? இல்லை. வரிசை மாறக்கூடாது என்கிறேன். பிரான்ஸின் ஜான்டார்மரி என்ற காவல் படை இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். 2005-இல் விண்டோஸிலேயே இருந்துகொண்டு மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸுக்குப் பதில் ஓப்பன் ஆஃபிஸைக் கொண்டுவந்தார்கள். 2006-இல் பிரவுசரை ஃபயர்ஃபாக்ஸாகவும் மெயிலைத் தண்டர்பேர்டாகவும் மாற்றினார்கள். ஆட்கள் இவற்றுக்கெல்லாம் பழகிய பிறகு, 2008-இலிருந்து அடியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸை வைத்தார்கள். மேலே பார்க்கிற புரோகிராம்கள் எல்லாம் பழையவையே என்பதால் அடியில் மாறியது பலருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்குப் போனாலும் பயிற்சி கொடுக்கத்தான் வேண்டும், அந்தப் பாட்டை உபுண்டுவுக்கே படலாமே என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசும் 2024-இல் சுமார் 30,000 கணினிகளை மாற்றப்போவதாக அறிவித்தபோது லிப்ரே ஆஃபிஸைத்தான் முதலில் வைத்தது, லினக்ஸ் அப்புறம்.

மியூனிக் நகராட்சியின் கதையை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2003-இல் முடிவெடுத்து, பத்து வருடம் கழித்து 2013-இல் ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி முடித்தார்கள். 2017-இல் திரும்ப விண்டோஸுக்கே போவதென்று நகர மன்றம் வாக்களித்தது. இடையில் 2012-இல் ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகராட்சி சொன்னது. அடுத்த ஆண்டு எச்.பி. நிறுவனம் ஓர் ஆய்வு செய்து, மிச்சமே இல்லை, விண்டோஸிலேயே இருந்திருந்தால் பல மடங்கு குறைவாகச் செலவாகியிருக்கும் என்றது. அந்த ஆய்வுக்குச் சொல்லி ஏற்பாடு செய்தது மைக்ரோசாஃப்ட். இதே மைக்ரோசாஃப்ட்தான் 2004-இல் 'கெட் த ஃபேக்ட்ஸ்' என்று பெரிய விளம்பர இயக்கம் நடத்தி லினக்ஸ்தான் அதிகச் செலவு என்று சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது இணையம் வழியாகக் கணினிகளை வாடகைக்கு விடும் அவர்களுடைய அஷ்யூர் சேவையில் பாதிக்கு மேல் லினக்ஸ்தான் ஓடுகிறது. ஆகவே மொத்தச் செலவு என்று யாராவது ஒரு அட்டவணையை நீட்டினால், முதலில் அதற்குப் பணம் கொடுத்தது யார் என்று பாருங்கள். மற்றவர் கணக்கு உங்களுக்கு உதவாது, உங்கள் கணக்கை நீங்களே போட வேண்டும்.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? லைசென்ஸ் விலை அதில் ஒரு வரி மட்டுமே, பெரும்பாலும் அது பெரிய வரியும் இல்லை, ஏனென்றால் புதிய கணினியோடு விண்டோஸ் ஏற்கெனவே வந்துவிடுகிறது. லினக்ஸ் போட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. ஆள் செலவுதான் பெரிது. எதாவது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? விண்டோஸ் தெரிந்த ஆள் கிடைப்பது எளிது, லினக்ஸ் தெரிந்த ஆள் கிடைப்பது சிரமம், கிடைத்தால் பொதுவாகக் கெட்டிக்காரராக இருப்பார், ஆனால் அவர் ஒருவர்தான் இருப்பார், அவர் விடுப்பில் போனால் என்ன செய்வது என்று யோசித்து வைக்க வேண்டும். லினக்ஸுக்குள் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடுவது) போட்டு அந்த ஒரே ஒரு விண்டோஸ் மென்பொருளை ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன், நன்றாகவே ஓடும். அந்த மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதைத்தான் வசதியாக மறந்துவிடுவார்கள். இலவசம் என்று சொல்லி ஒரு கணினிக்கு இரண்டு ஓ.எஸ். பராமரிக்கும் நிலைக்கு வருவது இப்படித்தான்.

விண்டோஸ் பக்கத்திலும் மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்வது நடக்கிறது. வீட்டு உபயோகத்துக்கான ஹோம் பதிப்போடு வரும் லேப்டாப்பை விலை குறைவென்று பத்து வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஹோம் பதிப்பு டொமைனில் (எல்லாக் கணினியையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் அமைப்பில்) சேராது, விதிகளை வகுக்கும் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது, வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அதற்குள் நுழைய முடியாது. பிறகு ஒவ்வொன்றையும் புரோ பதிப்புக்கு உயர்த்தப் பணம் கட்ட வேண்டும். விண்டோஸின் உண்மையான பலமே இந்த நிர்வாகத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். விண்டோஸ் 2000-த்தோடு வந்த ஆக்டிவ் டைரக்டரி இருபத்தைந்து வருடம் தாண்டியும் நிற்பதற்குக் காரணம் உண்டு: நூறு கணினியின் கடவுச்சொல் விதி, யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், எந்த பிரின்டர் யாருக்கு என்பதையெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து மாற்றலாம். லினக்ஸிலும் மேக்கிலும் இதைச் செய்ய வழிகள் இருக்கின்றன, ஆனால் நாமாகச் சேர்த்துக் கட்ட வேண்டும், அல்லது தனியாக ஒரு சேவைக்குப் பணம் கட்ட வேண்டும். ஐந்து கணினி வைத்திருப்பவருக்கு இது ஒன்றும் இல்லை. நூறு வைத்திருப்பவருக்கு இதுதான் எல்லாம்.

அப்புறம் வைரஸ் வராது என்ற பேச்சு. கட்டுரையில் எனக்கு மிகவும் எரிச்சல் தந்த வரி அதுதான். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது விண்டோஸ் கணினிகள்தான் விழுந்தன, உண்மை. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் விழுந்தார்கள். லினக்ஸ் பக்கம் 2024 மார்ச்சில் என்ன நடந்தது? எக்ஸ்இசட் என்ற, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும் ஒரு சிறு சுருக்கக் கருவிக்குள், அதைப் பராமரிக்கும் பொறுப்புக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்த ஒருவரே ஒரு பின்வாசலைச் செருகியிருந்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில்! அது பெரும்பாலான அலுவலகங்களுக்கு வந்து சேர்வதற்கு முன்பே பிடிபட்டுவிட்டது. மூலநிரல் திறந்திருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது என்று ஒருவர் சொல்லலாம், திறந்திருந்ததால்தான் செருக முடிந்தது என்று இன்னொருவர் சொல்லலாம், நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பழுதான அப்டேட், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. அது உலகத்தில் உள்ள விண்டோஸ் கணினிகளில் ஒரு சதவீதம்கூட இல்லை, ஆனாலும் விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திண்டாடின. வைரஸ் எதுவும் இல்லை, காவலுக்கு வைத்த மென்பொருளே செய்த வேலை. சரிசெய்யும் முறை எளிது, கணினியை சேஃப் மோடில் எழுப்பி ஒரு ஃபைலை அழித்தால் போதும். ஆனால் பல இடங்களில் ஒவ்வொரு கணினியாக நேரில் போய்ச் செய்ய வேண்டியிருந்தது, டிஸ்க் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தட்டச்ச வேண்டும், அந்தச் சாவிகளின் பட்டியல் வைத்திருந்த சர்வரும் சில இடங்களில் அதே நீலத் திரையில் உட்கார்ந்திருந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: எல்லாக் கணினியும் ஒரே ஓ.எஸ்.ஸில், ஒரே நேரத்தில் அப்டேட் ஆகும்படி வைக்காதீர்கள். ஒன்றிரண்டு கணினியாவது வேறு ரகமாக இருக்கட்டும், மீட்புச் சாவிகளைத் தாளில் அச்சடித்துப் பூட்டி வையுங்கள்.

மேக்கைப் பற்றிச் சுருக்கமாக. நல்ல பொருள், நீடித்து உழைக்கும், ஆப்பிளின் சொந்த எம் வரிசை சிப் வந்ததிலிருந்து லேப்டாப்பின் பேட்டரி நாள் முழுக்கத் தாங்குகிறது. ஆனால் தொழிலுக்கு என்று வரும்போது இரண்டு உறுத்தல்கள். எந்தப் பதிப்புக்கு எதுவரை பாதுகாப்பு அப்டேட் என்ற தேதியை ஆப்பிள் முன்கூட்டிச் சொல்வதில்லை, கடைசி மூன்று பதிப்புகளுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான். 2019-இல் கேட்டலினா பதிப்போடு 32 பிட் மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள், அன்றுவரை ஓடியது அப்டேட் போட்ட மறுநாள் திறக்கவில்லை. இரண்டாவது, விண்டோஸை மேக்குக்குள் ஓட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. விண்டோஸை மேக்கில் நேரடியாக நிறுவ உதவிய பூட் கேம்ப் புதிய மேக்குகளில் கிடையாது. பாரலல்ஸ் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் மூலம் ஓட்டலாம், ஆனால் அது எம் வரிசை சேர்ந்த ஆர்ம் ரக சிப்புக்கான விண்டோஸ். சாதாரண புரோகிராம்கள் அதில் மொழிபெயர்க்கப்பட்டு ஓடிவிடும், டிரைவர்கள் ஓடாது, ஆர்ம் டிரைவரே தனியாக வேண்டும். ஆக, நாம் எந்த டோக்கனுக்காகவும் டாங்கிளுக்காகவும் விண்டோஸைத் தேடிப் போனோமோ அது மட்டும் வேலை செய்யாது. வடிவமைப்பாளருக்கும் வீடியோ வெட்டுபவருக்கும் மேக் கொடுங்கள், கணக்காளருக்குக் கொடுக்குமுன் ஒருமுறை யோசியுங்கள்.

சர்வருக்கு வருகிறேன். இங்கே எனக்கு இழுபறியே இல்லை, லினக்ஸ்தான். உலகின் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ் என்பதைப் பெருமைக்காகச் சொல்லலாம், ஆனால் நமக்கு அது முக்கியமில்லை. விண்டோஸ் சர்வரில் பிராசசரின் கோர் கணக்கில் லைசென்ஸ், சர்வர் சிறிதாக இருந்தாலும் குறைந்தது 16 கோருக்குக் கட்ட வேண்டும், அதற்கு மேல் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ தனி லைசென்ஸ். ஃபைல் பகிரவும் பேக்கப் எடுக்கவும் ஒரு வலைத்தளம் ஓட்டவும் இவ்வளவு தேவையில்லை. முன்பு விண்டோஸை விட்டு வெளியே வராத மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரே 2017-இலிருந்து லினக்ஸில் ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஃபைல்களை லினக்ஸ் சர்வருக்கு நகர்த்தும்போது பெயர்களைப் பாருங்கள். லினக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு, விண்டோஸுக்கு ஒன்றுதான். பழைய ஸ்கிரிப்ட்டில் ஃபைல் பெயரை எப்படி எழுதியிருந்தாலும் விண்டோஸ் கண்டுபிடித்துக்கொடுத்துவிடும், லினக்ஸ் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று கைவிரித்துவிடும்.

லினக்ஸிலும் எந்த லினக்ஸ் என்பதில் கவனம் வேண்டும். ஃபெடோரா என்ற லினக்ஸின் ஒரு பதிப்புக்கு சுமார் 13 மாதம்தான் ஆதரவு, உபுண்டுவின் சாதாரண பதிப்புக்கு 9 மாதம். இவற்றை அலுவலகத்தில் போட்டுவிட்டு எப்போதும் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று புலம்புவதில் பொருள் இல்லை. உபுண்டுவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் என்ற நீண்டகாலப் பதிப்புக்கு 5 வருடம், பணம் கட்டினால் அதற்கு மேலும் நீளும். ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸுக்கு 10 வருடம், ஆனால் அது சந்தா. அதன் இலவச நகலாக இருந்த சென்ட்ஓஎஸ்-ஸை நம்பிப் பலர் சர்வர்களைக் கட்டினார்கள், எட்டாம் பதிப்பு 2029 வரை இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள், 2020 டிசம்பரில் திடீரென்று 2021 கடைசியோடு முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் அதன் இடத்தில் முளைத்தன, பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இலவசமாகக் கொடுப்பவர் நிறுத்தினால் கேட்க நமக்கு உரிமை கிடையாது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கொடுப்பவர் நிறுத்தினாலும் பெரிதாகக் கேட்க முடியாது என்பதைத்தான் விண்டோஸ் 10-இல் பார்க்கிறோம்.

இப்போது விண்டோஸ் 10 கணினிகளோடு முழித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் யோசனை. எல்லாவற்றையும் தூக்கிப் போடும் முன் ஒன்றைச் சோதியுங்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இல்லை என்று மைக்ரோசாஃப்டின் சோதனைப் புரோகிராம் சொன்னதும் பலர் கணினியை ஓரம் கட்டிவிடுகிறார்கள். பல கணினிகளில் அது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அமைப்புத் திரையில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் என்றால் பி.டி.டி., ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்ற பெயரில் இருக்கும், அதை இயக்கிவிட்டு மறுபடி சோதித்தால் போதும். பிராசசர் இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால்தான் பெரும்பாலும் வழியில்லை. அப்படிப்பட்டவற்றில் மெயிலும் பிரவுசரும் மட்டும் புழங்கும் மேசைகளைப் பிரித்தெடுங்கள், அவை லினக்ஸுக்குப் போகலாம், அங்கே அது அருமையாக ஓடும், கட்டுரையாளர் சொன்னது அந்த அளவில் முழுக்கச் சரி. மாற்றியவுடன் கார்லிட்டோ போன்ற அந்த எழுத்துருக்களை நிறுவ மறக்காதீர்கள். பிரவுசரில் ஓடாத மென்பொருள் உள்ள மேசைக்குப் புதிய கணினியும் விண்டோஸ் 11 புரோவும்தான், அங்கே பிடிவாதம் வேண்டாம்.

ஏதோ ஒரு எந்திரத்தோடு பிணைந்து, நகர்த்தவே முடியாத ஒன்றிரண்டு கணினிகள் மிச்சம் இருக்கும். அவற்றை இணையத்திலிருந்து துண்டித்துவிட முடிந்தால் துண்டியுங்கள். முடியாது என்றால் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பணம் கட்டலாம். நிறுவனங்களுக்கு முதல் வருடம் கணினிக்கு 61 டாலர், அடுத்த வருடம் அதன் இரட்டிப்பு, மூன்றாம் வருடம் அதற்கும் இரட்டிப்பு, மூன்றும் சேர்த்து 427 டாலர். இரண்டாம் வருடம் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருப்பதில் லாபமில்லை, முதல் வருடத்துக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். அதுவும் 2028 அக்டோபரோடு தீர்ந்தது. அந்த எந்திரத்தின் மென்பொருளைத் தயாரித்தவர்களுக்கு இன்றைக்கே ஒரு மெயில் போட்டு, விண்டோஸ் 11-க்கான பதிப்பு எப்போது, லினக்ஸுக்கு உண்டா என்று எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் சொல்வதை நம்ப வேண்டாம், மாதிரிக் கணினி ஒன்றில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் ஒரு வாசகர்